சீதனச் சுவருக்குச் சீமெந்து பூச வந்த மருமகனுக்கு

வாங்க மருமகன், இப்படிக் கதிரையில இரிங்க. கட்டாரால வந்த கையோட ரோட்டுப் பக்கத்துச் சுவருக்குச் சீமெந்து, புட்டி, ரைல்ஸ் என்டு பெரிய லிஸ்ட் போட்டிரிக்கீங்களாம். மகள் சொன்னா. சந்தோசம். எங்கட கல்முனைப் பக்கம் வீடு பொம்புளப் புள்ளட பேரிலதான். மாப்பிள்ளைக்கும் சொந்தமா என்னமாச்சும் வேணுந்தானே? பூச்சாவது ஒங்கட பேரில இரிக்கட்டும்.

ஆனா அந்தச் சுவர் மூத்தப்பா காலத்துச் சுண்ணாம்புச் சுவர். அந்த நாளையில கிழக்குக் கரையில முருகைக்கல்லச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தாங்க. சுட்டது தண்ணியில நீறி, மணலோட சேந்து சுவருக்கு ஏறி, பொறகு காத்திலுள்ள காபனீரொக்சைட்ட மெல்ல மெல்ல இழுத்துத் திரும்பவும் கல்லாகும். அவசரமே இல்லாத சாமான். மாரியில ஈரத்தக் குடிக்கும், வெயிலுக்கு வெளியில விடும். அதுக்கு மேல சீமெந்தப் பூசிறது, வேர்த்த ஒடம்புக்கு மழைக்கோட்டு மாட்டி விடுற மாதிரி. நிலத்தால ஏறின ஈரம் வெளியில வர வழியில்லாம உள்ளுக்க நிண்டு போகும். ஈரத்தோட வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால பளிங்காகிப் பருக்கும், செங்கல்ல மாவாக்கும். பொறகொரு நாளைக்குப் பூச்சு பலகை பலகையா விழக்குள்ள கல்லுட தோலையும் உரிச்சிட்டுத்தான் விழும். மேசன் வந்து தட்டிப் பாத்திட்டு, "பழைய கல்லு சரியில்ல காக்கா" என்பார். சரியில்லாமப் போனது எப்ப என்டு சொல்ல மாட்டார். அவருக்கு ரெண்டாந்தரமும் வேலை கிடைச்சிட்டே!

உப்புக்கு எங்களிட்டப் பஞ்சமில்ல. 2004 டிசம்பர் 26 கடல் ஊருக்குள்ள வந்தது. அந்த நாளப் பத்திப் பகிடி பேச எனக்கு நாக்கு வராது. அண்டைக்கு விழாம நிண்ட சுவருகளும் கடல் தண்ணியக் குடிச்சித்தான் நிண்டது. இதெல்லாம் போதாதென்டு, சும்மா கிடைக்குது என்டு கடற்கரை மண்ணையும் அள்ளிக் கலக்கிற கெட்டிக்காரரும் இரிக்காங்க.

கொழும்புக்குப் போனா புறக்கோட்டைச் சம்மாங்கோட்டுப் பள்ளிக்கு முன்னால நிண்டு படம் எடுக்கீங்க. சிவப்பும் வெள்ளையுமா, 1909ல கட்டி முடிச்ச பள்ளி. காலிக் கோட்டைக்குப் போனா ஒல்லாந்தன்ட சுவரத் தடவித் தடவிப் பாக்கீங்க. அதை 1988ல யுனெஸ்கோ உலக மரபுரிமை என்டு எழுதி வெச்சிரிக்கி. ஊருக்கு வந்து சொந்தச் சுவரக் கண்டா மட்டும் ஒங்களுக்கு வெக்கம். பழைய பள்ளிய இடிச்சிப் பளபள என்டு குப்பா வெச்ச கதைகளும் இரிக்கி. எந்த ஊர் என்டு சொல்ல மாட்டன், மரைக்கார்மார் கோவிப்பாங்க.

முதல்ல சுவரத் தொடாதீங்க மருமகன், தண்ணியப் பாருங்க. கூரையில ஓடு வெடிச்சிரிக்கா, பீலி அடைச்சிரிக்கா, மதில் வெடிப்பில ஆலங்கண்டு முளைச்சிரிக்கா? ஒவ்வொரு எலக்சனுக்கும் ரோட்டுக்கு மேல ரோட்டுப் போட்டு எங்கட வாசல் பள்ளமாப் போயிட்டு. மழைத்தண்ணி முழுக்கச் சுவரடியிலதான் வந்து நிக்கி. அதுக்கொரு கான் வெட்டாம மேல எத்தினை லட்சத்தக் கொட்டினாலும் வீண். உப்புப் பூத்த இடத்தக் காஞ்ச தும்புப் பிரசால தட்டி எடுங்க, கழுவப் போகாதீங்க. கழுவினா உப்புக் கரைஞ்சி திரும்ப உள்ளுக்குத்தான் போகும். முந்தி ஆரோ பூசின சீமெந்த விரல் முட்டியால தட்டிப் பாருங்க. பொள் என்டு கேக்கிற இடத்த மட்டும் சின்ன உளியால கழட்டுங்க. இறுக்கமா நிக்கிறத வம்புக்கு இழுத்தா கல்லும் சேந்து வரும்.

முருகைக்கல்லுச் சுண்ணாம்பு வேணும் என்டு நிக்காதீங்க. கரையோரத்தில அந்தக் கல்லக் கிண்டிறது சட்டப்படி குத்தம், 1988லேயே தடை போட்டாச்சி. கடையில விக்கிற சுண்ணாம்புத் தூள வாங்கித் தண்ணியில ஊறப் போடுங்க. எத்தினை நாள் கூட ஊறுதோ அத்தினை நல்லம். கண்ணில பட்டா சுட்டிரும், கவனம். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூணு பங்கு கழுவின ஆத்து மணல். மெல்லிசா, தட்டுத் தட்டாப் பூசி, ஈரச் சாக்கால மூடி வைங்க. மேல பிளாஸ்டிக் பெயின்ட் வேணாம், வெள்ளையடிங்க. மாரி முடிஞ்சி பெப்ரவரி, மார்ச்சில செய்யிறதுதான் தோது. கச்சான் காத்து அடிக்கக்குள்ள பூசினா பொசுக்கென்டு காஞ்சி வெடிச்சிரும்.

புதுசாக் கட்டின கொங்கிறீட்டு வீட்டுக்குச் சீமெந்து பூசுங்க, ஆரு வேணாம் என்ட? கிழட்டுச் சுவர விட்டிருங்க என்டுதான் கேக்கன். பக்கத்து வீட்டு மதிலப் பாத்து மகளும் பளபளப்புக் கேப்பா, நான் சொன்னதென்டு சொல்லுங்க.

இன்னொண்டு. சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கிழட்டு மேசன் ஒருத்தர் அம்பிட்டா ஒரு பொடியனையும் அவரோட கூட நிப்பாட்டுங்க, அந்தக் கைவேலை அவரோட போயிரப்படாது. ரெண்டு பேருட சம்பளமும் நீங்கதான் மருமகன், மாமாட மடியில சல்லி இல்ல.