கேள்வி-பதில்: குங்குமப்பூ குடும்பத்து கிடார்க்காரர்கள்

(போன இதழில் ஐரோப்பிய ராக் பற்றிய ஒரு பதிலில் ‘க்ரோகஸ்’ என்று ஒரு பெயரைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நழுவினேன். விட்டால்தானே! வந்த தபாலில் பாதிக்கு மேல் அதே கேள்வி. சரி, இந்த இதழ் முழுக்க அவர்களுக்கே.)

ஸ்விட்சர்லாந்தில் ராக் இசைக்குழுவா? அங்கே ராத்திரி பத்து மணிக்கு மேல் குழாயைத் திறந்தாலே பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுப்பாராமே?
— ஒரு வாசகர், தாம்பரம்

அதனால்தான் அமெரிக்காவுக்குப் போய்ச் சத்தம் போட்டார்கள்.

நக்கல் போதும். யார் இவர்கள், எந்த ஊர், எப்போது தொடங்கினார்கள்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டுக்கல்

உத்தரவு சார். ஊர் சோலோதூர்ன். ஆரே நதிக்கரையில் இருக்கிற சின்னஞ்சிறு பழைய நகரம். சூரிக், பெர்ன் மாதிரி பெயர் கேட்டதும் தெரியும் ஊரல்ல. அந்த ஊருக்கு 11 என்ற எண் மேல் தீராத காதல்: 11 தேவாலயங்கள், 11 நீரூற்றுகள், பேராலயத்துக்குள் 11 பலிபீடங்கள். ஊருக்குள் ஒரு கடிகாரத்தின் முகத்தில் 11 மணி வரைதான் இருக்கிறது. ‘ஸ்பைனல் டாப்’ என்ற கிண்டல் படத்தில் (1984) ஒரு ராக் கிடார்க்காரர், தன் ஆம்ப்ளிஃபையர் மட்டும் 10-ல் நிற்காமல் 11 வரை போகும் என்று பீற்றிக்கொள்வார். அந்தக் கற்பனைக் குழுவுக்கு ஒரு சொந்த ஊர் தேவைப்பட்டிருந்தால் சோலோதூர்னைவிடப் பொருத்தமாகக் கிடைத்திருக்காது.

1975 வாக்கில் கிறிஸ் ஃபொன் ரோர், டாமி கீஃபர் என்ற இரண்டு இளைஞர்கள் அங்கே தொடங்கியதுதான் க்ரோகஸ். கொஞ்ச நாளில் ஃபெர்னாண்டோ ஃபொன் ஆர்ப் என்ற கிடார்க்காரர் வந்து சேர்ந்தார். இந்த மூன்றாவது ஆளை மறந்துவிடாதீர்கள். குழுவின் பெரும்பாலான கிடார் ரிஃப்கள் அவர் விரலில் பிறந்தவை.

க்ரோகஸ் என்பது பூவின் பெயர்தானே? இடிமுழக்க இசைக்கு யாராவது பூவின் பெயர் வைப்பார்களா?
— செடி வளர்ப்பவர், ஏற்காடு

ரயிலில் போகும்போது ஜன்னல் வழியே ஒரு வயல் நிறைய இந்தப் பூவைப் பார்த்தாராம் ஃபொன் ரோர். பனி உருகும்போது ஆல்ப்ஸ் புல்வெளிகளில் முதலில் தலைநீட்டும் பூ அது. நம் பாயசத்தில் போடுகிற குங்குமப்பூவும் அதே இனம்தான். பெயரின் நடுவிலேயே ‘ராக்’ ஒளிந்திருப்பதாக ஃபொன் ரோருக்கு ஒரு பெருமையும் உண்டு.

குழுவை ஆரம்பித்தவரே பாடகராகவும் இருந்தார் என்று படித்தேன். பிறகு எப்படி வேறொருவர் பாடகர் ஆனார்? சண்டையா?
— கிடார் மாணவி, கோவை

சண்டை பிறகு வரும், நிறையவே வரும். இது சண்டை இல்லை, சுயபுத்தி.

ஃபொன் ரோர் முதல் ஆல்பத்தில் (1976) டிரம்ஸ் வாசித்தார். அப்போது அவர்கள் இசை சுற்றிச் சுற்றிப் போகிற ‘புரோகிரசிவ்’ வகையறா. ஐரோப்பாவில் அன்றைக்கு நூறு குழுக்கள் அதைச் செய்துகொண்டிருந்தன, இவர்களைவிட நன்றாகவே. அடுத்த இரண்டு ஆல்பங்களில் ஃபொன் ரோர் மைக்கைப் பிடித்தார். இடையில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஏசி/டிசி குழுவின் கச்சேரியைப் பார்த்தார்கள். மூன்று கார்டு, ஒரே தாளம், தொண்டை கிழியும் குரல், சுற்றிவளைப்பே கிடையாது. இதுதான் நம் பாதை என்று முடிவு செய்துவிட்டார்கள்.

அடுத்து வந்ததுதான் கஷ்டமான கேள்வி: இந்தப் பாதைக்கு என் குரல் தாங்குமா? தாங்காது என்று ஃபொன் ரோர் தானே தீர்மானித்து, பேஸ் கிடாரை மாட்டிக்கொண்டு ஓரமாக நகர்ந்தார். தான் தொடங்கிய கட்சியில் தலைவர் நாற்காலியை இன்னொருவருக்குக் கொடுத்தவர் யாராவது நினைவுக்கு வருகிறார்களா? யோசித்துக்கொண்டிருங்கள்.

நாற்காலிக்கு வந்தவர் மார்க் ஸ்டோராச்சே. மால்டா தீவில் பிறந்தவர். ‘டீ’ என்ற இன்னொரு ஸ்விஸ் குழுவில் முன்பு பாடியவர். 1980-ல் ‘மெட்டல் ரான்டேவூ’ ஆல்பம் வெளியானது. ‘ஹீட்ஸ்ட்ரோக்ஸ்’, ‘பெட்சைட் ரேடியோ’, ‘டோக்கியோ நைட்ஸ்’ எல்லாம் அதில்தான். உள்ளூர்க் குழு உலகக் குழுவான கதை அந்த ஒரு தட்டில் இருக்கிறது.

உண்மையைச் சொல்லுங்கள், க்ரோகஸ் ஏசி/டிசியின் நகல்தானே?
— கறாரான ரசிகர், சென்னை-17

1982-ல் வந்த ‘ஒன் வைஸ் அட் எ டைம்’ ஆல்பத்தைக் கேட்டால் இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது. அதைத் தயாரித்தவர் டோனி பிளாட். ஏசி/டிசியின் ‘ஹைவே டு ஹெல்’, ‘பேக் இன் பிளாக்’ இரண்டிலும் ஒலிப் பொறியாளராக இருந்தவர். சமையல்காரரையே அழைத்து வந்துவிட்டு, ருசி ஒன்றாக இருக்கிறதே என்று ஆச்சரியப்படக் கூடாது.

ஆனால் எனக்கு அந்த ஆல்பம் பிடிக்கும். ‘லாங் ஸ்டிக் கோஸ் பூம்’ பாட்டில் கிடார் எழுந்து நிற்கிற விதத்தை ஒருமுறை கேளுங்கள். பாட்டு ஆரம்பித்து கொஞ்ச நேரத்திலேயே இது யாருடைய பாணி என்ற வழக்கு தள்ளுபடி ஆகிவிடும். விமரிசகர்கள் நகல் என்று எழுதியதில் பாதி நியாயம். மீதிப் பாதி, ஸ்விட்சர்லாந்துக்காரனுக்கு இந்த வேலை எதற்கு என்ற இளக்காரம். நீலக் கண்ணாடி போட்டவனுக்கு பனியும் நீலம்தான்.

என் கணக்கு வேறு. கடன் வாங்கிய பாணியை முழு மனதோடு வாசித்த வரைக்கும் அவர்கள் ஏறினார்கள். அது போதாது, இன்னும் அழகாக வேண்டும், இன்னும் வானொலிக்கு ஏற்ற மாதிரி வேண்டும் என்று யாராவது காதில் ஓதிய ஒவ்வொரு முறையும் இறங்கினார்கள்.

ஏசி/டிசி பாடகர் பான் ஸ்காட் இறந்தபோது அந்த இடத்துக்கு ஸ்டோராச்சேவைக் கேட்டார்களாமே?
— ஒரு வாசகர், புதுச்சேரி

பான் ஸ்காட் இறந்தது 1980 பிப்ரவரியில். அப்போது தனக்கு அழைப்பு வந்ததாகவும் தான் போகவில்லை என்றும் ஸ்டோராச்சே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். க்ரோகஸில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்த நேரம் அது. அந்த இடத்துக்குப் போன பிரையன் ஜான்சன் பாடியது ‘பேக் இன் பிளாக்’. உலகத்தில் மிக அதிகம் விற்ற ஆல்பங்களில் ஒன்று. ஸ்டோராச்சே அதன்பிறகு அந்த ஆல்பத்தை எத்தனை முறை கேட்டார் என்று யாராவது கேட்டுச் சொன்னால் நல்லது.

‘ஹெட்ஹன்டர்’ அட்டைப்படத்தில் இருக்கிற மண்டை ஓட்டைப் பார்த்து என் பாட்டி பயப்படுகிறாள். என்ன செய்ய?
— கல்லூரி மாணவர், நாமக்கல்

வாசலில் மாட்டிவிடுங்கள். திருஷ்டி பொம்மைக் காசு மிச்சம்.

அமெரிக்காவில் எவ்வளவு உயரம் போனார்கள்?
— ஒரு வாசகர், ஈரோடு

நீங்கள் முன்னால் பார்த்த அந்த மண்டை ஓடுதான் உச்சம். 1983-ல் வந்த ‘ஹெட்ஹன்டர்’, பில்போர்டு ஆல்பப் பட்டியலில் 25-ஆம் இடம். அமெரிக்காவில் கோல்டு, அதாவது 5 லட்சம் பிரதி. தயாரித்தவர் ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவுக்கு வேலை செய்த டாம் ஆலம். ஒரு பாட்டில் அந்தக் குழுவின் ராப் ஹால்ஃபோர்டே வந்து பின்குரல் கொடுத்தார். ‘ஸ்க்ரீமிங் இன் தி நைட்’ பாட்டு எம்டிவியில் ஓடியது. அன்றைக்கு எம்டிவி கண்திறந்து பார்த்தால் கச்சேரி அரங்கு நிறையும், பார்க்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஸ்விட்சர்லாந்திலிருந்து அதற்கு முன் எந்த ராக் குழுவும் அந்த நாட்டில் அவ்வளவு தூரம் போனதில்லை. அந்த உயரத்தில் நின்றுகொண்டுதான் முதல் பெரிய பிளவு. அதே 1983-ல் ஃபொன் ரோர் குழுவிலிருந்து வெளியே. ஆரம்பித்தவர் இல்லாமல் வண்டி ஓடத் தொடங்கியது.

அப்புறம் ஏன் விழுந்தார்கள்? அதைத்தான் யாரும் தெளிவாகச் சொல்வதில்லை.
— வங்கி ஊழியர், திருநெல்வேலி

விழுந்தது ஒரே நாளில் இல்லை என்பதால்தான் தெளிவாகச் சொல்ல முடிவதில்லை. 1984-ல் வந்த ‘தி பிளிட்ஸ்’ ஆல்பத்தைப் பாருங்கள். அதுவும் கோல்டு, பட்டியலில் 31. தோல்வி என்று யார் சொல்வார்கள்? ஆனால் கேட்டால் தெரியும். மூலைகளை எல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். பிரையன் ஆடம்ஸ் சேர்ந்து எழுதிய ஒரு பாட்டு, ஸ்வீட் குழுவின் ‘பால்ரூம் பிளிட்ஸ்’ மறுபதிப்பு, உடையிலும் முடியிலும் அமெரிக்க மோஸ்தர். தயாரித்தவர் புரூஸ் ஃபேர்பேர்ன். திறமைசாலிதான், பான் ஜோவியை உச்சிக்குக் கொண்டுபோனவர். அதே ஃபேர்பேர்ன் 1990-ல் யாருக்கு ‘தி ரேசர்ஸ் எட்ஜ்’ ஆல்பத்தைத் தயாரித்தார் தெரியுமா? ஏசி/டிசிக்கு! அங்கே அவர் மூலைகளைத் தேய்க்கவில்லை. தேய்க்க விட்டிருக்க மாட்டார்கள்.

மறுபதிப்புப் பாடல் ஒரு போதை. முதலில் ‘அமெரிக்கன் வுமன்’, பிறகு ‘பால்ரூம் பிளிட்ஸ்’, 1986-ல் ‘சேஞ்ச் ஆஃப் அட்ரஸ்’ ஆல்பத்தில் ஆலிஸ் கூப்பரின் ‘ஸ்கூல்ஸ் அவுட்’. ஊரறிந்த பாட்டு என்றால் வானொலிக்காரர் தயங்காமல் போடுவார் என்ற கணக்கு. ஆனால் கேட்கிறவன் பாட்டைத்தான் நினைவில் வைப்பான், உங்களை அல்ல. அந்த ஆல்பம் வந்த வேகத்தில் போயிற்று. 1988-ல் ஃபொன் ரோரைத் திரும்ப அழைத்து ‘ஹார்ட் அட்டாக்’ போட்டார்கள். இந்தத் தலைப்பை வைத்து நான் ஜோக் அடிக்கப் போவதில்லை, பழைய விமரிசகர்கள் அடித்து முடித்துவிட்டார்கள்.

பிறகு ஸ்டோராச்சேவும் போனார், ஃபொன் ரோரும் மறுபடி போனார். 1990-ல் பீட்டர் டானர் என்பவர் பாடினார். 1995-ல் ஸ்டோராச்சே ஒரு ஆல்பத்துக்கு வந்து திரும்பினார். 1999-ல் கார்ல் சென்டன்ஸ் பாடினார், பின்னாளில் நாசரெத் குழுவுக்குப் போனவர். ஸ்விஸ் ரயில் நேரத்துக்கு வரும். ஸ்விஸ் குழுவில் யார் வருவார், யார் போவார் என்று எந்த அட்டவணையும் சொல்லாது.

தொடங்கிய இருவரில் டாமி கீஃபர் பற்றி யாருமே பேசுவதில்லையே?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பேச வேண்டும். ‘மெட்டல் ரான்டேவூ’விலும் அடுத்து வந்த ‘ஹார்டுவேர்’ ஆல்பத்திலும் அவர் கிடார் இருக்கிறது. போதைப்பழக்கம் முற்றி, 1980-களின் தொடக்கத்திலேயே குழுவை விட்டு விலக நேர்ந்தது. அமெரிக்க வெற்றி எல்லாம் அவர் போன பிறகு வந்தவை. 1986-ல் இறந்தார்.

வெளியே போன ஃபொன் ரோர் என்ன ஆனார்?
— சினிமா உதவி இயக்குநர், வளசரவாக்கம்

ஜெயித்தார். லுகானோவிலிருந்து வந்த ‘கோட்ஹார்ட்’ என்ற குழுவைக் கையிலெடுத்தார். அவர்களின் முதல் ஆல்பம் 1992-ல். தயாரித்ததும் அவர், பாட்டு எழுத உட்கார்ந்ததும் அவர். க்ரோகஸ் தள்ளாடிக்கொண்டிருந்த அதே தொண்ணூறுகளில் கோட்ஹார்ட் ஆல்பங்கள் ஸ்விஸ் பட்டியலில் தொடர்ந்து முதலிடம். 2004-ல் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி ஒன்றில் நடுவராக உட்கார்ந்து, பதவிசாகப் பாடிய பிள்ளைகளையெல்லாம் ‘இன்னும் கொஞ்சம் அழுக்கு வேண்டும்’ என்று ஸ்விஸ் ஜெர்மனில் விரட்டிக்கொண்டே இருந்தார். அந்த வருஷம் நாட்டின் ‘ஆண்டின் சொல்’லாக அதையே தேர்ந்தெடுத்தார்கள். ‘தி பிளிட்ஸ்’ பதிவான அறையில் அவர் இல்லாமல் போனது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று புரிகிறதா?

கோட்ஹார்ட் பாடகர் ஸ்டீவ் லீ விபத்தில் இறந்தார் அல்லவா?
— மோட்டார் சைக்கிள் பிரியர், ஓசூர்

ஆமாம். 2010 அக்டோபர் 5, அமெரிக்காவின் நெவாடா மாநிலம். நண்பர்களோடு மோட்டார் சைக்கிள் பயணம். மழைக்காக சாலையோரம் நிறுத்தியிருக்கிறார்கள். சறுக்கி வந்த லாரி, நிறுத்தியிருந்த வண்டிகளில் மோத, ஒரு வண்டி பறந்து அவர் மேல் விழுந்தது. வயது 47. குழு நின்றுவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நிக் மேடர் என்ற புதிய பாடகரோடு 2012-ல் ‘ஃபயர்பர்த்’ வெளியிட்டார்கள். ஒரு குரலுக்காகவே கேட்ட ரசிகர்கள் இன்னொரு குரலை ஏற்றுக்கொள்வது லேசில்லை.

நான் இங்க சுவிஸில பிறந்து வளர்ந்தனான். என்ர வேலையிடத்தில ஐம்பது, அறுபது வயசுக்காரர் எல்லாம் இன்னும் க்ரோகஸ் டி-சேர்ட் போட்டுக்கொண்டு வருகினம். உலகம் மறந்த குழுவை இவை ஏன் விடுகினமில்லை?
— ஒரு வாசகி, பேர்ண்

தங்கச்சி, உலகம்தான் மறந்தது, ஊர் மறக்கவில்லை. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்த காலத்தில் சொந்த நாட்டு ஆல்பப் பட்டியலில் க்ரோகஸ் முதலிடம் பிடித்ததே இல்லை. முதல்முறை பிடித்தது 2003-ல், ‘ராக் தி பிளாக்’ ஆல்பத்துக்கு. தொடங்கி ஏறக்குறைய 28 வருஷம் கழித்து! ஸ்டோராச்சே திரும்பி வந்திருந்தார், ஒப்பனை கலைந்திருந்தது, பழைய மூன்று கார்டும் திரும்பியிருந்தது. பிறகு 2008-ல் ஃபொன் ரோர், ஃபொன் ஆர்ப், ஸ்டோராச்சே எல்லோரும் ஒன்றுகூடி உங்கள் பேர்ண் கால்பந்து மைதானத்திலேயே வாசித்தார்கள். அந்தக் கூட்டணியில் ‘ஹூடூ’ (2010), ‘டர்ட்டி டைனமைட்’ (2013) இரண்டும் முதலிடம். உங்கள் சக ஊழியர்களிடம் அந்த டி-சேர்ட் பற்றி ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். அன்றைக்கு மதியத்துக்குமேல் வேலை நடக்காது என்பதற்கு நான் உத்தரவாதம்.

கடைசிக் கச்சேரி என்று அறிவித்துவிட்டு மறுபடி மேடையேறுவது ராக் குழுக்களின் பரம்பரை வியாதி. இவர்கள் எப்படி?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

‘அடியோஸ் அமிகோஸ்’ என்று பயணத்துக்குப் பெயரே வைத்து, 2019 டிசம்பர் 7-ஆம் தேதி சூரிக் ஹாலன்ஸ்டேடியனில் சொந்த நாட்டுக்கு விடைகொடுத்தார்கள். அடுத்த வருஷம் அமெரிக்காவில் விடைபெறத் திட்டம். கொரோனா வந்து அதைக் கெடுத்தது. ஆக, அமெரிக்கா பக்கம் கணக்கு பாக்கி இருக்கிறது. பாக்கி வைத்தவர்கள் திரும்பி வந்தால் அது வியாதி ஆகாது சார், நாணயம்.

எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?
— ஆட்டோ ஓட்டுநர், கரூர்

‘மெட்டல் ரான்டேவூ’, அடுத்து ‘ஹெட்ஹன்டர்’. மூன்றாவதாக ‘ஹூடூ’. எண்பதுகளின் பிற்பகுதியை வண்டி நிற்கிற நேரத்தில் கேளுங்கள். ‘லாங் ஸ்டிக் கோஸ் பூம்’ மட்டும் ஓட்டும்போது வேண்டாம், ஆக்சிலேட்டர் தானாக முறுக்கிக்கொள்ளும்.