இதோடு சரி

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியிலோ சித்திரை வீதியிலோ பூர்விக கிருஹம் வைத்திருப்பவரை அடையாளம் காண அவர் நெற்றியைப் பார்க்க வேண்டுவதில்லை. இடி இடித்ததும் மற்றவர்கள் ஆகாயத்தை அண்ணாந்து பார்ப்பார்கள், அவர் உத்தரத்தைப் பார்ப்பார்.

திண்ணை, ரேழி, முற்றம், கூடம், இரண்டாங்கட்டு, கிணறு, கொல்லை என்று ரயில் வண்டிபோல் நீண்டு கிடக்கும் அந்த மெட்ராஸ் ஒட்டுத் தளம் போட்ட வீட்டை, பின்னால் வருகிற சந்ததி தன் சம்பாத்தியத்தைச் செலவிட வழியின்றித் தவிக்கலாகாதே என்ற கருணையினால்தான் அவருடைய பாட்டனார் அத்தனை விஸ்தாரமாகக் கட்டினாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

செலவுக்கென்று அவர் ஒரு நோட்டுப் புஸ்தகம் வைத்திருக்கிறார். ஐப்பசியில் ஒழுகிய ஒட்டு, மார்கழியில் ஏகாதசிக்கு வந்த பந்துக்கள் அடைத்துவிட்டுப் போன சாக்கடை, சித்திரைத் தேருக்கு முன் வெள்ளையடிப்பு, கறையான் ருசிபார்த்த நிலைப்படி என ஒவ்வொரு பற்றுக்கும் கீழே, “இதோடு சரி” என்று எழுதியிருக்கும். ஆறு மாதத்துக்கொரு முறை வரும் வீட்டு வரியை மட்டும் அவர் நிந்திப்பதில்லை. அது சொல்லிவிட்டு வருகிற விருந்தாளியல்லவா!

சொல்லாமல் வருவது கொத்தனாரின் வாக்கு. ஒரு மூலை கசிகிறதென்று கூப்பிட்டால், மேலே ஏறித் தட்டிப் பார்த்து இறங்கி, தலையைச் சொறிந்துகொண்டே, “பிரிச்சாத்தான் சாமி தெரியும்” என்பார். பிரித்தபின் தெரிவது பக்கத்து மூலையும் போய்விட்டது என்பதுதான். சிமெண்டைப் பூசி மூடிவிடலாமென்றால், பழைய சுண்ணாம்புக் காரையோடு அது ஒட்டாமல் வெடித்து, ஈரத்தையும் உள்ளே சிறைவைத்துக் கட்டைகளை உளுக்கச் செய்யும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர்விட்டுச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்தவர்களோ அருகிவிட்டார்கள்.

இத்தனைக்கும் அவருக்கு வேதாந்தம் கைகொடுக்கிறது. ஏழு பிராகாரங்களுக்குள் பள்ளிகொண்ட பெருமாளுக்கே சுதைத் திருமேனியாதலால் தைலக்காப்புத் தேவைப்படுகிறது. உற்சவரான நம்பெருமாளின் தங்கக் கவசங்களையும் ஆனி ஜ்யேஷ்டாபிஷேகத்தில் களைந்து சுத்தம் செய்கிறார்கள். நூற்றாண்டுக் கணக்கில் மொட்டையாய் நின்ற தெற்கு ராஜகோபுரம் 236 அடிக்கு எழும்பியது 1987-ல்தான். ஆகவே தம் மாடிக் கைப்பிடிச் சுவர் நாலு வருஷம் மொட்டையாய் நின்றால் லோகம் முழுகிவிடாது என்பார்.

சென்ற மாதம், வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட ஒருவர் நல்ல விலை பேசி வந்தார். காபி கொடுத்து உபசரித்த நம்மவர், சாந்தமாகச் சொன்னார்: “ஸ்வாமி, இப்பத்தான் ஒட்டை முழுக்கப் பிரிச்சுப் போட்டிருக்கேன். இதோட சரி. செலவெல்லாம் தீர்ந்துபோன வீட்டை எவனாவது விப்பானா?”