பத்து சதவீத மனசாட்சி

அமெரிக்காவின் மனசாட்சி என்ன விலை? 2022 ஜனவரியில் துல்லியமான விடை கிடைத்தது: 13 கோடி டாலர். எகிப்து ராணுவத்துக்கு ஆண்டுதோறும் போகிற 130 கோடியில் அந்தப் பங்கை, மனித உரிமையைக் காரணம் காட்டிப் பிடித்துக்கொண்டது பைடன் அரசு. கெய்ரோவில் யாரும் அழவில்லை. 250 கோடி டாலருக்கு மேல் பெறுமான சரக்கு விமானங்களையும் ரேடார்களையும் எகிப்துக்கு விற்க அதே அரசு அதே வாரத்தில்தான் பச்சைக்கொடி காட்டியிருந்தது. பிள்ளையைக் கிள்ளுவதற்கு முன்பே தொட்டிலை ஆட்டிவிடுகிற பெருந்தன்மை!

சட்டத்துக்கா பஞ்சம்? தேர்தலில் வென்ற அரசை ராணுவம் கவிழ்த்தால் உதவியை நிறுத்த வேண்டும் என்று அமெரிக்கச் சட்டமே சொல்கிறது. 2013 ஜூலையில் அதிபர் முர்சியைத் தூக்கியெறிந்தார் ஜெனரல் சிசி. வாஷிங்டன் சட்ட மேதைகள் கூடி மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில், நடந்தது ராணுவக் கவிழ்ப்பா இல்லையா என்று முடிவு செய்வதில்லை என முடிவு செய்தார்கள். முடிவு செய்தால்தானே சட்டம் பாயும்?

அடுத்த மாதம் 14ஆம் தேதி, கெய்ரோவின் ராபா சதுக்கம். கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்த முர்சி ஆதரவாளர்கள் மீது பாதுகாப்புப் படை பாய்ந்தது. அந்த ஒரே நாளில், அந்த ஒரே இடத்தில், குறைந்தது 817 பேர் செத்தார்கள் என்கிறது ஹியூமன் ரைட்ஸ் வாட்ச். வாஷிங்டன் கொதித்தது. எஃப்-16 விமானங்களையும் டாங்கி உதிரிகளையும் ஏவுகணைகளையும் அக்டோபரில் நிறுத்திவைத்தது. 2015 மார்ச்சில் கொதி அடங்கியது, அனுப்பிவைத்தது.

நீதி கிடைக்கவில்லை என்று யாரும் நாக்கில் பல் போட்டுப் பேசாதீர்கள். ராபா வழக்கு நடந்தது, 739 பேர் மீது! சுட்டவர்கள் மீதல்ல, சுடப்பட்ட கூட்டத்தின் மீது. படமெடுக்கப் போன ஷவ்கான் என்ற புகைப்படக்காரரும் அதில் ஒரு குற்றவாளி. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்தார். 2018இல் 75 பேருக்குத் தூக்கு விதித்தார்கள். சுடச் சொன்ன அதிகாரிகளில் ஒருவரும் கூண்டேறவில்லை. அவர்கள் பாவம், 'உதவி' பெறுபவர்கள்.

அந்த உதவியின் வழித்தடமும் அழகு. பணம் நியூயார்க்கில் ஒரு கணக்கில் விழும். அங்கிருந்து அமெரிக்க ஆயுதக் கம்பெனிகளின் பைக்குப் போகும். அமெரிக்க வரிப்பணம் அமெரிக்காவிலேயே தங்கிவிடும். எகிப்தியருக்கு டாங்கி.

இந்தக் கூத்தில் மழுப்பாதவர் ஒருவர்தான்: செனட் வெளியுறவுக் குழுத் தலைவராக இருந்த பாப் மெனண்டஸ். எகிப்துக்குப் போகும் ஆயுத உதவியைத் தடுக்கவோ விடவோ கூடிய நாற்காலி. ஜனநாயகம், பிராந்திய அமைதி என்று மற்றவர்கள் பசப்பிக்கொண்டிருந்தபோது, எகிப்தின் காரியத்தை முடித்துக்கொடுக்க இவர் தங்கக் கட்டியாகவே வாங்கிக்கொண்டார். 2024 ஜூலையில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. பிறகு 11 ஆண்டு சிறை. இலவசமாக இதே வேலையைச் செய்தவர்களெல்லாம் ராஜதந்திரிகள்.

தீர்ப்பு வந்து இரண்டே மாதத்தில் 130 கோடியும் முழுசாகப் போனது. அரசியல் கைதிகளை விடுவிப்பதில் எகிப்து முன்னேறியிருக்கிறது என்று வெளியுறவு அமைச்சர் பிளிங்கன் சான்றிதழ் கொடுத்தார். அதே செப்டம்பர் கடைசியில் எழுத்தாளர் அலா அப்தெல் ஃபத்தாஹ் பிடிபட்டு ஐந்து ஆண்டுகள் நிறைந்தன. அவருக்கு விதித்த தண்டனையும் ஐந்து ஆண்டுதான். கதவு திறக்கவில்லை. தீர்ப்புக்கு முன்னால் உள்ளே கிடந்த காலம் கணக்கில் சேராதாம்.