தொண்டைக்குத்தான் தேர்வு

இன்று காலை சாம்பாரில் தாளிப்பு இல்லை. கேட்டால், மிளகாய் கருகினால் பாப்பாவுக்குத் தொண்டை கமறுமாம். பி.ஏ. இசைக்கான நுழைவுத் தேர்வு போன வியாழனே முடிந்துவிட்டது. ரிசல்ட் வரட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று தடையை மட்டும் நீட்டித்திருக்கிறார்கள்.

தேர்வுக்கு எந்த வர்ணத்தைத் தயார் செய்வது, பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் ஆபோகியா, பச்சிமிரியம் ஆதியப்பய்யரின் பைரவி அட தாளமா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு வருகிறேன். முதலில் தொண்டை.

விண்ணப்பம் போட்ட அன்றே ஐஸ், தயிர், ஊறுகாய், எண்ணெய்ப் பலகாரம் எல்லாம் வீட்டை விட்டுக் கிளம்பின. பாடப்போவது 17 வயதுப் பெண் ஒருத்தி. பத்தியம் வீடு மொத்தத்துக்கும். "அவ முன்னாடி நீங்க மோர் சாதம் சாப்பிட்டா புள்ளைக்கு ஏங்காதா?" என்றாள் மனைவி. கத்திரி வெயிலில் ஃபேனையும் நிறுத்தினார்கள். நேர்க்காற்று குரலைக் கட்டிவிடுமாம். அதிமதுரம் அத்தையின் சிபாரிசு. சித்தரத்தை பெரியம்மாவுடையது. பனங்கற்கண்டு போட்ட மிளகுப்பால் எதிர் வீட்டு உபயம். அதிமதுரத்தையும் சித்தரத்தையையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று ஒரு சாயங்காலம் முழுக்க ஃபோனில் மாநாடு நடந்தது. வெந்நீரில் தேன் விட்டால் விஷம் என்று ஒரு யூடியூப் வைத்தியர். விடாவிட்டால் வீண் என்று இன்னொருவர். கல் உப்புக் கொப்பளிப்பு, துளசி ஆவி, தூதுவளை ரசம். அந்த ரசம் எனக்கும்தான்.

அப்புறம், குரலைச் சேமிக்க வேண்டும் என்று பாப்பா பேசுவதையே நிறுத்திக்கொண்டாள். எதிரில் உட்கார்ந்துகொண்டு வாட்ஸ்அப்பில் இன்னொரு தோசை கேட்பாள். நான் தும்மினேன், மொட்டை மாடிக்கு அனுப்பிவிட்டார்கள்.

சாதகம்? அதுவும் நடந்தது. செல்ஃபோனில் தம்புரா ஆப், ஐந்து கட்டை. "பாப்பா தொண்டை எப்படி இருக்கு?" என்று யாராவது கூப்பிடும்போதெல்லாம் சுருதி அறுந்துபோகும். விசாரித்தவர்கள் இல்லாவிட்டால் இன்னொரு கீர்த்தனையே பாடம் ஆகியிருக்கும்.

செம்மங்குடி சீனிவாச ஐயருக்கு வாய்த்தது சொன்ன பேச்சுக் கேட்காத குரல். அசுர சாதகத்தால் அதை வழிக்குக் கொண்டுவந்து, 1947-இல் சங்கீத கலாநிதியும் ஆனார். அவருக்கு யார் சித்தரத்தை அரைத்துக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். "அவர் வீட்ல ஆம்பளைங்க வாயை மூடிட்டு இருந்திருப்பாங்க" என்று பதில் வந்தது.

தேர்வன்று பத்து மணிக்கு வரச்சொன்னவர்கள் பன்னிரண்டு தாண்டித்தான் கூப்பிட ஆரம்பித்தார்கள். வராந்தாக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. காத்திருந்த பிள்ளைகள் அத்தனை பேர் மடியிலும் ஃபிளாஸ்க். மிருதங்கத்துக்கு வந்திருந்த பையனைக்கூட விடவில்லை. அவன் அம்மா கைப்பையைத் துழாவி, கற்கண்டை அவன் வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே போனதும் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, மூன்று காலம். பிறகு அதையே அகாரமாக. வர்ணத்தில் பல்லவி முடிந்து அனுபல்லவி எடுக்குமுன் "போதும்மா" என்றார்களாம். மாதக்கணக்கில் மெருகேற்றிய தோடி கீர்த்தனையை யாரும் கேட்கவில்லை. நியாயம்தான், சுருதி சேர்கிறதா, தாளம் நிற்கிறதா என்று கண்டுபிடிக்க சரளி வரிசையே தாராளம். ஆனால் அகாரம் பாடச்சொல்லும்போது பிள்ளை பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருக்கலாம். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று டம்ளரில் காப்பி ஆவி பறந்ததாம். மணிக்கணக்கில் நாக்கு வறண்டு கிடந்த பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டே பாடியிருக்கிறார்கள். இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

வர்ணத்தைப் பற்றிச் சொல்ல இடமில்லை. அடுத்த கத்திரியில் விண்ணப்பம் போடப்போகிற தாய்மார்களுக்கு என் விண்ணப்பம் ஒன்று உண்டு: பிள்ளைக்கு என்ன பத்தியம் வேண்டுமானாலும் வையுங்கள், அப்பாவுக்கு மட்டும் மோர் ஊற்றுங்கள்.