எல்லாம் தெரிந்த நடுவர்

இங்கிலாந்தில் பல ஊர்களில் வாரத்துக்கு ஒரு சாயங்காலம் ஹால் வாடகைக்குப் பிடித்து ஐரோப்பாவைக் கைப்பற்றுவார்கள். மேசைமேல் பச்சைத் துணி, 28 மில்லிமீட்டர் பொம்மைச் சிப்பாய்கள், பகடை, அளவு நாடா. மூன்று மணி நேரத்தில் சண்டை முடியும். தோற்றவர் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார். இவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. ஒரு சண்டை போதாது, போர் முழுவதையும் நடத்துவேன் என்று வரைபடத்தோடு கிளம்புகிறாரே, அவரைப் பற்றித்தான் பேச்சு.

அவர் நடுவர். கடவுள் உத்தியோகம், சம்பளம் இல்லை. 1815 ஜூன், நெப்போலியனின் வாட்டர்லூப் படையெடுப்பு; பிரஸ்ஸல்ஸுக்குத் தெற்கே எந்தப் படை எங்கே நிற்கிறது என்பது அவர் ஒருவருக்கே தெரியும். பிரஷ்யத் தளபதி புளூஹர் அடுத்த ஊரில் இருப்பார்; அது தெரியாமல் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன், “இந்தப் பிரஷ்யாக்காரர் எங்கேதான் தொலைந்தார்?” என்று புலம்புவார். நடுவர் வாயில் பிஸ்கட்டை அடைத்துக்கொள்வார்.

இந்த ஏற்பாடு பழையது. 1824-இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி வெளியிட்ட வரைபடப் போர் விளையாட்டிலும் நடுவர் உண்டு. அங்கே ஆடியவர்கள் ராணுவத்தார். கட்டளை என்றால் எழுதிக் கொடுப்பார்கள். நம்மவருக்கு வாய்த்த தளபதிகள் ஒரு பிளம்பர், இரண்டு வாத்தியார்கள், ஓய்வுபெற்ற பல் டாக்டர்.

திங்கள் இரவுக்குள் கட்டளை வரவேண்டும். வராது. போன் செய்தால் நெப்போலியனின் மார்ஷல் நே மாமியார் வீட்டில் இருப்பார். அவருக்குக் கீழே உள்ள டெர்லோனின் படை எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நடுரோட்டில் நிற்கும். வேறு யாராயிருந்தாலும் கத்தியிருப்பார்கள், நடுவருக்கோ மெய்சிலிர்த்துவிடும். நிஜத்திலும் ஜூன் 16 அன்று டெர்லோனின் சுமார் 20,000 பேர் காத்ர் பிராவுக்கும் லீன்யிக்கும் நடுவே அலைந்து, இரண்டு சண்டைக்கும் உதவாமல் போனார்கள். “அப்படியே நடக்குது பாருங்க!” என்று மாமியாருக்கு மனதார நன்றி சொல்வார்.

குதிரைக்குத் தீவனம் எவ்வளவு, மழை பெய்தால் பீரங்கி வண்டி எவ்வளவு தூரம் நகரும் என்பதற்கெல்லாம் அவரிடம் அட்டவணை உண்டு. மழையைப் பகடை தீர்மானிக்கும். போலந்து ஈட்டிப்படையின் பொத்தான்களுக்குக்கூட பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு வண்ணம் தீட்டியவர் அவரே. அந்தப் பொம்மைகளை யாராவது ஈட்டியைப் பிடித்துத் தூக்கினால் மட்டும் கடவுளுக்குக் கோபம் வரும்: “அடித்தட்டைப் பிடிச்சுத் தூக்குங்க!” வண்ணம் தீட்டியதோடு சரி, ஒரு முறைகூட அந்தப் படையை அவர் நடத்திப் பார்த்ததில்லை. எல்லாம் தெரிந்தவருக்கு ஆட்டத்தில் இடமில்லை.

வாட்டர்லூ வரை வண்டி ஓடாது. வெலிங்டனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிடும். நெப்போலியனுக்குக் குழந்தை பிறந்துவிடும். நடுவர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, புது வரைபடத்தோடு வருவார். இந்த முறை 1812, ருஷ்யா. உறைபனிக்கு அட்டவணை தயார், செத்த குதிரைகளுக்கும் தனியாக ஒன்று. ருஷ்யப் படைக்கு ஆட்கள் அடித்துக்கொள்கிறார்கள். நெப்போலியனாகத்தான் ஒருவரும் வரமாட்டேன் என்கிறார்கள்.