ஒப்புநோக்கும் உபத்திரவம்

சினிமாவைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் உரிமை சேலம் ஃபேர்லேண்ட்ஸ்வாசிகளான எங்களுக்குப் பிறவியிலேயே வாய்த்தது. மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய வளைவு ஏற்காடு சாலையில் இன்னும் நின்றுகொண்டிருக்க, அதை மறுக்கத் துணிபவர் யார்? ஆயினும் பக்கத்து வீட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தவக்காலத்தில் ஒரு நாள் இயேசுவின் கதையான ‘கருணாமூர்த்தி’ படம் பார்க்க என்னோடு அமர்ந்தபோது, மடியில் வேதாகமமும் கையில் ரிமோட்டுமாக, ஜப்திக்கு வந்த அமீனாவைப் போல ஒவ்வொரு காட்சியையும் நிறுத்திச் சரிபார்க்கத் தொடங்கினார். பாட்டு வந்தது, படம் நின்றது.

“நாலு சுவிசேஷத்திலும் இந்தப் பாட்டு ஏது, தம்பி?”

‘பாசமலர்’ தந்த ஏ. பீம்சிங் இயக்கத்தில், 1978இல் தெலுங்கில் ‘கருணாமயுடு’ என்று வெளிவந்து, பின்னர் தமிழ் பேசிய படம் அது. உதடு தெலுங்கிலும் குரல் தமிழிலும் பேசுவதைக் குற்றம் சாட்டியிருந்தால் நான் உடன்பட்டிருப்பேன். அதையோ அவர் பெந்தெகொஸ்தே நாளின் அற்புதமாகக் கருதி மன்னித்துவிட்டார்!

மூலத்தை விட்டு விலகியது இந்தப் படம் மட்டுமா? 1956இல் ‘பத்துக் கட்டளைகள்’ எடுத்த டெமில், தனக்குப் பேச்சு வராதென்று கடவுளிடமே முறையிட்ட மோசேயைச் சிம்மக்குரலில் முழங்க வைத்தாரே. செங்கடல் பிளக்கும் நேரத்தில் யாத்திராகமத்தைப் புரட்ட யாருக்குத் தோன்றும்?

பொறுமையிழந்து நான் கேட்டேன்: “ஐயா, சுவிசேஷங்களில் சூசையப்பர் ஒரு வார்த்தையாவது பேசுகிறாரா?”

“இல்லை.”

“வாய் திறவாத அவரைக் காவியத் தலைவராக்கி, வீரமாமுனிவர் 3,615 பாடல்கள் பாடியிருக்கிறாரே, யூதேயாவிலே தமிழ்நாட்டு மருத வயல்களை விளைய வைத்தாரே, அந்தத் ‘தேம்பாவணி’யை நீங்கள் எத்தனை ஆண்டுகள் மெய்சிலிர்த்துப் பாடம் நடத்தினீர்கள்?”

“அது காவியம், தம்பி.”

“இது சினிமா, ஐயா.”

ரிமோட் என் கைக்கு வந்தது.

மூல கிரந்தத்தைக் காப்பாற்றும் பொறுப்பு சினிமாவுக்கு இல்லை. பல நூற்றாண்டுகளாக அந்தக் கிரந்தம் தன்னைத்தானே காப்பாற்றிக்கொண்டு வருகிறது. திரையில் நிற்கும் தாயின் துயரம் நம்மைத் தொடுகிறதா, கருணை என்ற ஒரே சரடு அறுபடாமல் ஓடுகிறதா என்பவையே ரசிகன் கேட்க வேண்டிய கேள்விகள். ஆகவே வாசகர்களே, படம் ஓடும்வரை வேதாகமத்தை அலமாரியில் வையுங்கள். முடிந்தபின் அவசியம் எடுத்துப் படியுங்கள்.