பொறிவண்டில் தொடங்கிய வில்லங்கம்

பிள்ளையில்லாத தம்பதி, செர்னிகோவ் புனிதர் தியோடோசியஸிடம் வேண்டிக்கொண்டார்கள். 1900-இல் உக்ரைனின் நெமிரிவ் ஊரில் மகன் பிறந்தான். புனிதரின் பெயரையே வைத்தார்கள். தியோடோசியஸ் டோப்ஜான்ஸ்கி. புனிதர் அத்தோடு கைகழுவிவிட்டார் போலும். பையன் பட்டாம்பூச்சி பிடிக்கக் கிளம்பிவிட்டான்.

பட்டாம்பூச்சியோடு விட்டதா? நண்பர் ஒருவர் பொறிவண்டுப் பக்கம் திருப்பிவிட்டார். வெளியே உலகப்போர், புரட்சி, உள்நாட்டுப் போர். அவர் இருந்த கீவ் நகரில் இன்றைக்கு ஒரு கொடி, நாளைக்கு ஒரு கொடி. ஆள்வது யாரென்று ஊரே குழம்பிக் கிடக்க, நம்மாள் வண்டின் முதுகுப் புள்ளியை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1918-இல் முதல் கட்டுரையே வந்துவிட்டது: புதிய பொறிவண்டு இனம் ஒன்று!

1927-இல் ராக்ஃபெல்லர் பணத்தில் நியூயார்க் பயணம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹண்ட் மார்கனின் 'ஈ அறை', மரபியலாளர்களுக்குத் திருத்தலம். பக்தியோடு நுழைந்தவர் அழுக்கைப் பார்த்து ஆடிப்போனார். பால் புட்டிகளில் ஆய்வுக்கு வளர்க்கும் பழ ஈக்கள், அவற்றுக்கு வாழைப்பழம், மிச்சம்மீதிக்குக் கரப்பான்பூச்சிகள். மார்கனோ எண்ணி முடித்த ஈயை அங்கேயே கட்டைவிரலால் நசுக்கிவிடுவார். 1933-இல் நோபல் பரிசு வாங்கிய விரல் அது.

அந்த அறைக்காரர்களுக்கு ஈயின் குரோமோசோம் அத்துப்படி. ஆனால் புட்டிக்கு வெளியே ஈ என்ன செய்கிறது என்பது பெரிய கவலையாக இல்லை. வண்டு பிடித்துத் திரிந்தவருக்கு அது உறுத்தியது. ஒரே இனப் பொறிவண்டுக்கு ஊருக்கு ஊர் புள்ளி மாறுவதைப் பார்த்தவராயிற்றே! மார்கனோடு கலிஃபோர்னியாவுக்குப் போனவர், அங்கே மலையேறிக் காட்டு ஈக்களைப் பிடித்தார். ஒரே இனம்தான், ஆனால் குரோமோசோமின் சில துண்டுகள் இடத்துக்கு இடம் தலைகீழாகத் திரும்பிக் கிடந்தன. சான் ஹசிண்டோ மலையில் அவற்றின் விகிதம் பருவத்துக்குப் பருவம் மாறியது. பரிணாமத்தைப் பார்க்க லட்சம் ஆண்டு காத்திருக்க வேண்டாம், கோடை வரை பொறுத்தால் போதும்!

இயற்கைத் தேர்வையும் மெண்டலின் மரபியலையும் இணைக்கும் கணக்கை ஃபிஷர், ஹால்டேன், ரைட் என்ற கணக்குப் புலிகள் மூவரும் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தார்கள். படிக்கத்தான் ஆளில்லை. டோப்ஜான்ஸ்கியும் லேசுப்பட்டவரல்ல: ரைட்டின் கட்டுரையில் தொடக்கத்தையும் முடிவையும் படிப்பார், நடுவிலிருக்கும் கணிதத்தை நம்பிக்கையின் பேரில் தாண்டிவிடுவார்.

1937-இல் அவர் எழுதிய 'மரபியலும் இனங்களின் தோற்றமும்' நூல்தான் உயிரியலாளர்களைப் புதிய பரிணாமக் கொள்கைப் பக்கம் இழுத்தது. இழுக்காமல் என்ன செய்யும்? கணக்கு வராதவர் எழுதியதல்லவா, கணக்கு வராத மற்றவர்களுக்கும் புரிந்தது!